புழுவுக்குக் கம்பளி

அப்டேட் ஆசாமிகள் என்று ஒரு இனம் உண்டு. கணினித் திரையின் மூலையில் ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்று ஒரு வரி தெரிந்தால் போதும், இவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கையிலிருக்கும் வேலையா? அது எங்கே ஓடிவிடப் போகிறது?

ஒரு ஆய்வுக்கூடத்தில் இந்த இனத்தின் அசல் வாரிசு இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அப்டேட் அண்ணன். செம்மறி ஆட்டின் வயிற்றில் குடியிருந்து ரத்தம் குடிக்கும் புழுவின் மரபணு வரிசைகளைக் கணினியில் அலசுவதற்குச் சம்பளம் வாங்குகிறார். அலசும் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு உயிர் வாழ்கிறார். ஒன்றை நிறுவினால் இன்னொன்று படுத்துவிடும், அதை எழுப்ப மூன்றாவதைப் புதுப்பிக்க வேண்டும், மூன்றாவது வந்ததும் முதலாவது முகம் கொடுத்துப் பேசாது. எல்லாம் ஒருவழியாகச் சமாதானமாகும்போது அடுத்த பதிப்பு வந்து நிற்கும். அப்போது அண்ணனின் பூரிப்பைப் பார்க்க வேண்டுமே.

அந்தப் புழுவை எடுத்த பண்ணையிலோ ஆடுகள் சோர்ந்து விழுந்துகொண்டிருந்தன. அங்கிருந்து கால்நடை மருத்துவர் தினமும் வந்து அண்ணன் மேசையருகே நின்றாள்.

“அண்ணா, வழக்கமா குடுக்குற மருந்துக்கு இந்தப் புழு சாகுமா, சாகாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நாளைக்குப் புது வெர்ஷன் வருதும்மா. அதுல ஒரு தடவை ஓட்டிட்டா மனசுக்கு நிம்மதி.”

“அதுவரைக்கும் ஆடு நிக்கணுமே.”

புது வெர்ஷன் வந்தது. கூடவே ஓர் அதிசயமும் வந்தது: எந்தப் புழுவிலும் யாரும் கண்டிராத ஒரு மரபணு. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்தபடியே மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் அந்த வரிசையை மற்ற உயிர்களின் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“இது ஆட்டு ரோமத்துக்கான மரபணுண்ணா. புழுவுக்குக் கம்பளியா முளைக்குது?”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆட்டு வயிற்றில் எடுத்த புழுவோடு ஆட்டின் சதையும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டின் வரிசைகளைக் கழித்துவிட்டுத்தான் புழுவைத் தேட வேண்டும். பழைய பதிப்பு அதைத் தானாகவே செய்துவிடும். புதியது, சொன்னால்தான் செய்யும். அண்ணன் எங்கே சொன்னார்?

பழையதைத் தேடி எடுத்து ஓட்டினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது: வழக்கமான மருந்துக்கு இந்தப் புழு அசையாது.

“முதல் நாளே இதை ஓட்டியிருந்தா, நேத்து செத்துப்போச்சே, அந்த ரெட்டைக்குட்டி போட்ட ஆடு பிழைச்சிருக்கும்ணா” என்றாள் மருத்துவர், கோபமே இல்லாமல். வேறு மருந்து எடுத்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினாள்.

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. நிஜமாகவே வருந்தினார். இனி இந்தப் பழையதை விட்டு நகர்வதில்லை என்று முடிவே செய்துவிட்டார். அப்போது திரையின் மூலையில் ஒரு வரி. பழையதற்கும் ஒரு புதிய பதிப்பு வந்திருந்தது.

அவர் கை எங்கே போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் இன்று காலை, யாரோ உங்கள் பதிலுக்காகக் காத்திருந்தபோது, ‘புதுப்பிக்கவா?’ என்று கேட்ட கைபேசிக்குச் ‘சரி’ அமுக்கிவிட்டு, சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்?