வாறன் என்றால் போறன்

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது திறமையால் என்று இன்றும் சில சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். உண்மையில் 'மாட்டேன்' என்று சொல்லத் தெரியாத ஒருவனைத் தேடியிருக்கிறார்கள், நான் அகப்பட்டேன்.

பேர்ண் நகருக்குப் பக்கத்தில், ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருடமாகத் துப்புரவு வேலை. ஒருநாள் பொறுப்பாளர் அம்மா ஃப்ராவ் கேர்பர் கூப்பிட்டு, என்னைக் குழுத் தலைவராக்கப் போவதாகச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து அறிவித்தேன். மனைவி வாசுகிக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைதோறும் வேலை. அவள் வாழ்த்தவில்லை.

"அப்ப சனிக்கிழமையில பிள்ளையை ஆர் பாக்கிறது?"

பிள்ளை ஆரணிக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். முந்தைய வருடம் அவளுடைய பேச்சுப் போட்டியன்று வேலையில் யாருக்கோ சுகமில்லை என்று கூப்பிட்டார்கள், ஓடிவிட்டேன். அவள் அழக்கூட இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இந்தமுறை போட்டிக்கு இருப்பேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தேன்.

ஆகவே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமுதல் ஒரேயொரு வசனம் சொல்லியாக வேண்டும்: சனிக்கிழமை நான் வரமாட்டேன். ஒரு கிழமை முழுக்க ஆரணி அதை எனக்கு ஜெர்மன் மொழியில் பாடமாக்கித் தந்தாள். குளிக்கும்போது சொன்னேன். பஸ்ஸில் சொன்னபோது பக்கத்தில் இருந்த வயதான அம்மா (பாவம்) எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. வசனத்தைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னேன். ஃப்ராவ் கேர்பர் முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார். அதோடு என் மூளை கடையைச் சாத்திவிட்டது. பிறகு அவர் பேர்ண் ஊரின் ஜெர்மன் பேச்சுவழக்கில் கடகடவென்று ஏதோ கேட்டார். வருகிற சனிக்கிழமை மட்டும், தரைக்கு மெழுகு பூச, ஒரேயொரு தடவை வரமுடியுமா என்று கேட்டாராம். எனக்கு அது பாராட்டுப்போலக் கேட்டது. இயந்திர அறைச் சாவியையும் தந்தார். வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

புறப்படும்போது நாங்கள் என்ன சொல்வோம்? செத்தவீட்டில்தான் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். மற்ற எந்த வாசலிலும் 'வாறன்'தான், 'போறன்' என்று சொன்னால் வீட்டில் ஏச்சு விழும். பன்னிரண்டு வருடம் ஒழுங்காக ஜெர்மனில் விடைபெற்ற என் வாய், அன்றைய சந்தோஷத்தில் 'சரி, வாறன்' என்பதை அப்படியே மொழிபெயர்த்தது.

"கூட், இஹ் கொம்ம."

(எங்கள் பக்கத்தில் 'கொம்மா' என்றால் உன் அம்மா. சொன்னால் சண்டை வரும். இங்கே எனக்குச் சனிக்கிழமை வந்தது.)

சனிக்கிழமை பேச்சுப் போட்டிக்குத் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் முன்வரிசையில் இருந்தேன், சாவியைக் கழுத்தில் பதக்கம்போல மாட்டிக்கொண்டு. ஆரணி மேடையேறி 'நேரந்தவறாமை' பற்றிப் பேசத் தொடங்கியதும் என் தொலைபேசி அலறியது. ஃப்ராவ் கேர்பர்! நாலு பேர் பூட்டிய அறைக்கு முன்னால் நிற்கிறார்களாம், வாறன் என்ற நான் எங்கே என்று கேட்டார். எப்படியாவது போனை வைத்துவிட நினைத்த அவசரத்தில் திரும்பவும் அதே விடைபெறுதல்தான் வாயில் வந்தது: "இஹ் கொம்ம, இஹ் கொம்ம." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. பாதி எழும்பிவிட்டேன்.

"அப்பா, இருங்கோ."

ஒலிவாங்கியில்தான் சொன்னாள். மண்டபமே சிரித்தது. வெட்கத்தில் உயிர் போனது, ஆனாலும் இருந்தேன். அங்கே நாலு பேர் வாசலில் காய, இங்கே புதுத் தலைவர் கடைசிவரை இருந்து கைதட்டினார்.

இறங்கி வந்தவள் என் போனை வாங்கி ஃப்ராவ் கேர்பரை அழைத்து, அச்சொட்டான பேர்ண் பேச்சில் விளக்கினாள். எங்கள் ஆட்கள் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்வார்கள், அப்பா வருகிறேன் என்றால் போகிறார் என்று அர்த்தம். அப்படியானால் சாவியையாவது வரச் சொல்லு என்றாராம் ஃப்ராவ் கேர்பர். பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தோம், அவள் மூன்றாம் பரிசுக் கோப்பையோடு.

திங்கட்கிழமை வேலை பறிபோகும் என்றே போனேன். ஒப்பந்தத்தில் 'சனிக்கிழமை வேலை இல்லை' என்று இருந்தது. அதன்கீழ் ஃப்ராவ் கேர்பர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'விடைபெறும்போது சொல்வது செல்லாது.'

மூன்று வருடமாகிவிட்டது. இப்போதெல்லாம் ஐந்து மணிக்கு அவர் எனக்குத் தமிழிலேயே "வாறன்" சொல்கிறார். நான் அபசகுனம் பாராமல் "போறன்" என்கிறேன். வீட்டில் நான் சப்பாத்தைத் தொட்டாலே போதும், ஆரணி வாசலில் மறித்துக் கேட்பாள்: "அப்பா, வாறியளோ, போறியளோ?"

சனிக்கிழமைகளில் மட்டும் கேட்பதில்லை, அவளும் என்னோடு சப்பாத்தைப் போடுகிறாள்.