உருகி உறைந்த டப்பா

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது. போன ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. உன் மனைவியின் பதவி உயர்வில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேன். போனில் சொல்லத் தைரியமில்லை.

அவள் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வருஷமெல்லாம் மெனக்கெட்டுச் செய்த செயற்கை வெண்ணெய் இருக்கிறதே, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்த அந்த டப்பாவை நாளைக்கு மேலதிகாரிகள் ருசி பார்க்கிறார்கள். மேல்தட்டில் இருப்பது அவளுடையது, கீழே அதே மாதிரி டப்பாவில் இருப்பது கடைச்சரக்கு, அதை நான் சாப்பிடலாம் என்று சொல்லித்தான் வைத்தாள். நான் சும்மா இருக்காமல் போன வாரம் ஃபிரிட்ஜைத் துடைக்கிறேன் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மேல்தட்டு டப்பாவை அடுப்போரம் மறந்துவிட்டேன். உருகிவிட்டது. திரும்ப உள்ளே வைத்தேன், உறைந்தது. தண்ணீரும்தான் ஐஸாகி மறுபடி தண்ணீராகிறது, அது கோபித்துக்கொள்கிறதா? இன்று காலை ஒரு துளி வாயில் வைத்தவள் முகம் தொங்கிப்போச்சு. "மணலாட்டம் நறநறங்குது மாமா."

நடந்ததைச் சொன்னேன், விளக்கினாள். கொழுப்பு உறையும்போது கண்ணுக்குத் தெரியாத படிகங்களாகி, ஒன்றோடொன்று கோத்து வலையாகிறதாம், எண்ணெய் அந்த வலைக்குள்தான் தங்குகிறதாம். வேகமாகக் குளிரவைத்துக் கடைந்தால் படிகம் பொடிசு, நாக்குக்கு வழவழப்பு. தன்பாட்டுக்கு மெதுவாக உறைந்தால் பருத்து மணலாகிவிடுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் சரக்கு எடைபோட்ட குமாஸ்தா நான்; தராசில் வைத்துப் பார்த்தேன், எடை சரியாக இருக்கு. எதையும் போடலை, எதையும் எடுக்கலை, அப்புறம் எப்படிடா கெட்டுப்போகும்?

திட்டியிருந்தால்கூட நிம்மதி. "பரவால்ல, விடுங்க மாமா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடை வெண்ணெயை ரொட்டியில் தடவித் தின்றுதான் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். சும்மா சொல்லக் கூடாது, நாக்கில் வைத்ததும் கரைகிறது. கடைக்காரன் அலட்டாமல் செய்வதற்கு இந்தப் பெண் ஏன் இத்தனை பாடுபடுகிறாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. நீதான் அவளிடம் பேசிச் சமாதானப்படுத்த வேண்டும்.

இருவரும் மனம் கோணாமல் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மருமகள் சிரித்துக்கொண்டே வந்தாள். கெட்டது கடைச்சரக்காம், டப்பா அடியில் கம்பெனி முத்திரை இல்லையாம். எல்லாவற்றையும் எடுத்த குழப்பத்தில் எது எந்தத் தட்டென்று மாற்றிவிட்டேன் போல. "அப்ப என்னோடது எங்க மாமா?" என்றாள். பத்திரமா இருக்கும்மா என்றேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பாதிதான் மிச்சம். கத்தி பட்ட பள்ளம் தெரியாமலிருக்கக் கரண்டியால் நன்றாகப் பிசைந்து மட்டப்படுத்தி வைத்தேன். அப்புறம்தான் சொல்கிறாள், எதைச் செய்தாலும் பிசையக் கூடாதாம், கிழிந்த வலை பழையபடி சேராதாம். அவள் ஜெயித்துவிட்டாள்டா, நாக்கில் கரைந்தது, நானே சாட்சி. அதை எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?