நான்காவது ஓட்டக்காரி

மூன்றாவது ஓட்டக்காரி நீட்டிய கோலை வாங்க ஆளில்லை. நான்காவதாக ஓட வேண்டிய தங்கமணி ஒரு வாரமாகப் பயிற்சிக்கே வரவில்லை.

"வீட்டுல விடமாட்டேங்கிறாங்க சார்," என்று வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாதக் கடைசியில் செராஸில் வட்டாரப் போட்டி. அவள் இல்லாவிட்டால் பள்ளிக்கு ரிலேயே கிடையாது. பயிற்சியாளர் சபாபதி அன்று மாலையே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு ஓடினார்.

"தங்கமணியோட வாத்தியார் சார் நான். உங்க பொண்ணைப் பத்திப் பேசணும்."

தகப்பனார் நாகையா கதவைப் பாதிதான் திறந்தார். "வயசுப் பொண்ணு இருக்கிற வீடு. தனியாவா வர்றது? பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க லா."

"ஒரு பொண்ணு வீட்டுல பேசணும், கூட வாங்க," என்று சபாபதி தம் வாடகை வீட்டுக்கார அம்மா தெய்வானையிடம் உதவி கேட்டார். அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை பார்த்து, பட்டுச் சேலை கட்டி, பழம், பூ, வெற்றிலைத் தட்டோடு கிளம்பினார். முறை தெரிந்தவர், ஏதோ செய்கிறார் என்று சபாபதியும் டை கட்டிக்கொண்டார்.

இம்முறை கதவு முழுசாகத் திறந்தது. கேசரி வந்தது. காப்பியைக் கொண்டுவந்தது தங்கமணியின் அக்கா சந்திரகலா, டைப்பிஸ்ட். மாலையில் தங்கையை அழைத்துப்போகத் திடலுக்கு வருபவள்தான். சபாபதியின் கண் எப்போதும் ஸ்டாப்வாட்சில் இருந்ததால் முகம் நினைவில்லை.

"கவர்மெண்ட்ல பெர்மனன்டா? சம்பளம் எவ்ளோ?" என்றார் நாகையா.

பிள்ளையை நம்பி அனுப்பலாமா என்று பார்க்கிறார் போலும். சபாபதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

"பொண்ணோட பிறந்த தேதி வேணும் சார்."

போட்டியின் வயதுப் பிரிவுக்குத்தான் சபாபதி கேட்டார். நாகையா ஜாதகத்தையே கொண்டுவந்து நீட்டினார். கட்டங்களுக்குள் வருடத்தைத் தேடிச் சபாபதிக்கு வியர்த்தது.

"எங்க வச்சுக்கலாம்?"

"செராஸ் ஸ்டேடியம் சார்."

"ஸ்டேடியமா! அவ்ளோ ஜனமா?"

"எல்லாப் பள்ளிக்கூடமும் வருதே."

நாகையாவின் குரல் இறங்கியது. "அத்தனை பேருக்கும் சாப்பாடு?"

"அவங்கவங்க கட்டிட்டு வந்துடுவாங்க சார்."

தெய்வானை சபாபதியின் காதருகே குனிந்தார். "ஏன் தம்பி, கல்யாணத்தை யாராச்சும் ஸ்டேடியத்துல வைப்பாங்களா?"

காப்பி டையில் கொட்டியது. சபாபதி எழுந்தேவிட்டார்.

"ஐயோ சார்! தங்கமணி ஓடுறதுக்குப் பர்மிஷன் கேட்கத்தான் வந்தேன்!"

நாகையா திருதிருவென்று விழித்தார். "அதை நான் எப்ப வேணாம்னேன்?"

"அப்ப... விடமாட்டேன்னது யாரு?"

வாசற்படியில் நின்ற சந்திரகலாவைத் திடீரென்று காணவில்லை. வாய் நிறையக் கேசரியோடு தங்கமணி சொன்னாள்:

"அக்காதான் சார். என் கால் சப்பாத்தை, ஓடுறப்போ போடுறதை, ஒளிச்சு வச்சுட்டா. அப்பத்தான் நீங்க வீட்டுக்கு வருவீங்களாம்."