கம்ப்யூட்டருக்குப் பிடித்த சனி

தொண்ணூற்றெட்டாம் வருடம் பாளையங்கோட்டைக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சனி பிடித்தது. மனு அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க நீலமாகி, யாருக்கும் புரியாத வெள்ளை எழுத்து நாலு வரி வந்து எல்லாம் நின்றுவிடும். சனிக்கு உகந்த நிறம் நீலம். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார் கணினிச் சித்தர் சிவசைலம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசினால் வரிசையில் இடம் போய்விடும்.

ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் அவர் தங்கியிருந்தார். காலை ஆறு மணிக்கே கூட்டம். பெட்டியைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டி வந்தவர்கள் உண்டு. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வந்தவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் இல்லாத ஒருவர் மிக்ஸியைக் கொண்டுவந்தார். சித்தர் அவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. மிக்ஸிக்கு ராகு என்றார்.

பரிகாரம் ஒரு செப்புத் தகடு. பெட்டியின் மூடியைக் கழற்றி, மேலே மஞ்சள் துணி போர்த்தி, துணிக்குள் கைவிட்டுத் தகட்டை வைப்பார். அந்த மூன்று நிமிடம் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மீறித் திறந்தால் பார்வை போய்விடுமாம். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நாள் முழுக்க நிற்காமல் ஓடும். சத்தியமாக ஓடியது. ஓடாவிட்டால் நம் ஆட்கள் போவார்களா, என்ன? போவார்கள்தான். ஆனால் இவ்வளவு பேர் போகமாட்டார்கள்.

ஆவுடைநாயகம் கோர்ட்டுக்கு எதிரே மனுவும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். சரஸ்வதி பூஜைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். உதிரிகளை வாங்கிப் பூட்டிக் கொடுத்தவன் பேச்சிராஜ். "ஊர்ல எவன் கம்ப்யூட்டரும் இதுக்கு முன்னால நிக்காது அண்ணாச்சி. பறக்கும் பாத்துக்கிடுங்க" என்றான். பறந்தது. கால்மணிக்கு ஒருதரம் விழுந்தது. மறுபடி கூப்பிட்டபோது, "பொருள்ல குத்தமில்ல. இது வேற விவகாரம். சித்தரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சித்தர் கடைக்கே வந்தார். வெள்ளிக்கிழமை தகடு வைப்பதாகச் சொல்லி முறைகளை விளக்கினார். தட்டச்சு செய்யும் தனலட்சுமி, "கண்ண எதுக்கு சாமி மூடணும்?" என்று கேட்டாள்.

சித்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு என்ன நட்சத்திரம்?"

"மூலம்."

"அதான பாத்தேன். அண்ணாச்சி, இந்தப் பிள்ள கை பட்டுத்தான் சனி உள்ள எறங்குது. இவ இருந்தா தகடு நிக்காது."

கேள்வி கேட்ட நிமிடத்திலேயே அவள் நட்சத்திரம் கெட்டுப்போனது. மூலம் மாமனாருக்கு ஆகாது என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஓடியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மாமனார் யார் என்றுதான் தெரியவில்லை.

ஆவுடைநாயகம் கெட்டவர் இல்லை. அழாத குறையாகத்தான் சொன்னார். "வெள்ளியோட நின்னுக்கம்மா. ஒம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. கிரகம் அப்படி."

தனலட்சுமியின் வீட்டு வாடகையும் அம்மாவின் மாத்திரையும் இந்தச் சம்பளத்தில்தான். அவளுக்குக் கோபம் வந்தது. பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தைத் தேடினாள். அது சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அண்ணாச்சி விஜயதசமி போய் ஒரு மாதமாகியும் அந்த விரதத்தை விடவில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்து, இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாள். பெட்டிக்குள் செருகியிருக்கும் மெமரிப் பட்டைக்கு என்று ஒரு வேகம் உண்டு. அதை மீறி ஓட்டினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். போர்டில் மூன்று ஊசியும் அதில் மாட்ட ஒரு குட்டி பிளாஸ்டிக் தொப்பியும் இருக்கும். முதல் இரண்டு ஊசியில் மாட்டினால் வேகம் அறுபத்தாறு, அடுத்த இரண்டில் நூறு. மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பட்டையில் எழுதியிருந்தது அறுபத்தாறு. தொப்பி மாட்டியிருந்தது நூறில்.

தொப்பியை மாற்றினாள். சாயங்காலம்வரை திரை நீலமாகவில்லை. சொன்னால் அண்ணாச்சி, 'சித்தர் வந்துபோன ராசி' என்பார். அதனால் பழையபடி நூறிலேயே மாட்டிவைத்தாள். வேலைக்கு வரும் வழியில் லாட்ஜ் வரிசையில் நின்ற பெட்டிகளில் எல்லாம் பேச்சிராஜ் கடை ஸ்டிக்கரைப் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை கடை கொள்ளாத கூட்டம். பேச்சிராஜும் வந்திருந்தான். சித்தர் வருமுன் தனலட்சுமி ரப்பர் ஸ்டாம்பு மையைத் தொட்டுத் தொப்பியின் தலையில் பைய தடவிவைத்தாள். சித்தர் துணி போர்த்தினார், கூட்டம் கண்ணை மூடியது, மந்திரம் முடிந்தது. கம்ப்யூட்டர் ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி, வெரலக் காட்டுங்க" என்றாள் தனலட்சுமி.

சித்தர் கையைத் துண்டுக்குள் இழுத்தார். பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா பிடித்து வெளியே எடுத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊதா.

"தகடு இருக்கது ஓரத்துல. மை இருந்தது தொப்பியில. அங்கன எதுக்குக் கை போச்சு?" என்று பெட்டிக்குள் காட்டிக் கேட்டாள்.

"அது சனியோட நிறம்மா" என்றார் சித்தர்.

"சனி நீலம்னு நீங்கதான சொன்னீங்க. இது ஊதால்லா."

கூட்டம் சிரித்தது. அவள் தகட்டை எடுத்து மேசையில் வைத்தாள்; தொப்பியைச் சித்தர் மாட்டிய அறுபத்தாறிலேயே விட்டாள். அரைமணி நேரம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணவில்லை. பிறகு அணைத்துவிட்டு, தகட்டை உள்ளே வைத்து, தொப்பியை நூறுக்கு மாற்றினாள். இருபது பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாவது நிமிடம் திரை நீலமானது. தகடு உள்ளேதான் இருந்தது. வாசலில் நின்ற பேச்சிராஜின் மொபெட்டைத்தான் காணவில்லை. அது ஒன்றுதான் அவன் கை பட்டதில் நிற்காமல் ஓடியது.

சித்தரைக் குமாஸ்தா போலீசுக்கு அழைத்துப் போனார். கூட்டத்தில் பாதி பின்னாலேயே போனது. மீதி தனலட்சுமியைச் சுற்றி நின்றது. "மூலத்துல பொறந்த பொம்பளப்பிள்ளைக்கு அறிவு சாஸ்தின்னு எங்க ஜோசியர் அப்பமே சொல்லிருக்காரு" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஆவுடைநாயகம் தலை குனிந்து நின்றார். "தப்பு எம்மேலதான். நாளைக்கு வந்திரும்மா."

"வாரேன் அண்ணாச்சி" என்றாள் தனலட்சுமி. "இனிமே எது நின்னாலும் எனக்கு என்ன நட்சத்திரம்னு கேக்காதீங்க. அது ஏன் நின்னுச்சுன்னு கேளுங்க."