படுத்துக்கொண்ட புல்டோசர்

“உங்க சாமான் போட்ட வண்டி வயல்ல படுத்துக்கிச்சு. வந்து எழுப்பிட்டுப் போங்க.”

தொலைபேசியில் வந்தது இவ்வளவுதான். அரசப்பன் ரிசீவரை வைத்துவிட்டுக் கட்சிக்கரை வேட்டியை இறுக்கிக் கட்டினார். தஞ்சாவூர் தொழிற்பேட்டையில் அவருடையது பெரிய பட்டறை இல்லை. ஆனால் புல்டோசர், ரோடு ரோலர், மண் வெட்டும் எந்திரம் என்று பூதாகாரமான வண்டிகளின் டீசல் இன்ஜினுக்கு லைனர், பிஸ்டன் ரிங், நாசில் எல்லாம் அங்கே கடைந்துதான் ஜில்லா முழுக்கப் போயின. ஒவ்வொன்றையும் அளந்து, சரியென்றால் ‘த’ என்று முத்திரை குத்தி அனுப்புவது தங்கமணியின் வேலை. சரியில்லையென்றால் தூக்கி எறிவாள். முதலாளியின் மேசை மேலேயே எறிவாள்.

“எந்த வண்டி?” என்றாள்.

“மேலக்கரை காலனியில மண் அடிக்குதே, சர்க்கார் புல்டோசர்.”

தங்கமணி அளந்துகொண்டிருந்த லைனரைக் கீழே வைத்தாள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து மேலக்கரை அவள் ஊர். அந்த புல்டோசர் மேடாக்கிக்கொண்டிருந்தது அவள் அம்மா ரெங்கம்மாளுக்கும் காலனிக்காரர்களுக்கும் மனையாகக் கிடைத்த பள்ளம்.

சும்மா கிடைத்த பள்ளம் இல்லை. பண்ணைக்காரர் செல்லதுரையிடமிருந்து அந்த நிலத்தை ஒரு ஆட்சி எடுத்தது. அடுத்த ஆட்சி மறந்தது. முந்தைய ஆட்சியே திரும்பி வந்து, யாரோ எடுத்த நிலம்போல அதை வேடிக்கை பார்த்தது. தாலுகா ஆபீஸ் சுவரில் படம் மாற மாற, காலனிப் பெண்கள் மனுவில் ‘மாண்புமிகு’வுக்கு அடுத்த பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் வந்த கையோடு செல்லதுரையின் ஆட்கள் உழுது நட்டுவிடுவார்கள். “பயிர் நிக்குதுங்களே” என்பார் அவர் கோர்ட்டில். பயிர் இருக்கும் நிலத்தில் யார் கால் வைப்பது? அந்த வருஷமும் அதோடு போய்விடும்.

இந்த முறைதான் பட்டாவும் வந்து புல்டோசரும் வந்திருந்தது. மேட்டூரில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள். அதற்குள் பள்ளம் மேடாகி வீடு எழும்பினால் மனை காலனிக்கு. இல்லையென்றால் செல்லதுரையின் நாற்றுக்கு.

“பாத்தியா, எங்க ஆட்சி வந்ததும் வண்டியே வந்துச்சு” என்றார் அரசப்பன்.

“வந்து படுத்துக்கிச்சுல்ல? அதுவும் உங்க ஆட்சியிலதான்” என்று சொல்லிவிட்டு ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள் தங்கமணி.

பள்ளத்தின் நடுவில் மஞ்சள் புல்டோசர், தொழுவத்து எருமைபோல அசையாமல் நின்றது. அதன் நிழலில் டிரைவர் காயாரோகணம் துண்டை விரித்துப் படுத்திருந்தார். இன்னொரு பக்க நிழலில் ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் பெட்டிங்கை விரித்திருந்தார்கள்.

“போலீஸ் எதுக்குண்ணே?”

“லட்சக்கணக்குல வாங்குன வண்டியாச்சே இன்ஜினியரம்மா. நின்னுபோன வண்டிக்குக் காவல் போடணும்னு சட்டமாம். எனக்கு முன்னாடி அவங்க வந்து எடம் புடிச்சிட்டாங்க.”

தங்கமணி பானெட்டைத் திறந்தாள். அவளுடைய ‘த’ போட்ட சாமான் எல்லாம் முழுசாக இருந்தது. டீசல் குழாயைப் பம்போடு சேர்க்கும் போல்ட் லேசாகக் கழன்று காற்று வாங்கியிருந்தது. அவ்வளவுதான். இறுக்கினாள். வண்டி கனைத்துக்கொண்டு எழுந்தது.

ஏட்டு சோகமாகப் பெட்டிங்கைச் சுருட்டினார். “ஓடுனா டிரைவர் பொறுப்பு, நின்னாதான் எங்க பொறுப்பு. இன்னிக்குக் கெளுத்தி மீன் கொழம்புன்னு காலனி நாகம்மா சொல்லியிருந்துச்சு. ஹும்.”

மறுநாள் காலையில் மறுபடி தொலைபேசி. “போல்ட்டையே காணோம்.”

தங்கமணிக்குச் சந்தேகம் தட்டியது. புது போல்ட்டைத் தானே கடைந்தாள். அதன் தலையை எந்த ஸ்பானருக்கும் அகப்படாத கோணல் வடிவத்தில் வெட்டினாள். அதைத் திறக்கும் சாவி உலகத்தில் ஒன்றே ஒன்று. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“தாலி மாதிரி இருக்குடி” என்றாள் ஊரில் அதைப் பார்த்த ரெங்கம்மாள்.

“இது கழட்டுனா கழலும்மா. அதான் வித்தியாசம்.”

வண்டி அரை நாள் ஓடியது. கிழக்குப் பக்கம் மேடானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருமியது, விக்கியது, நின்றது. டேங்கைத் திறந்தால் அடியில் கரைத்துவிட்ட களிமண். டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒவ்வொன்றின் வாயிலும் மேலக்கரை மண் அப்பியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றித் துணியில் மூட்டையாகக் கட்டி, தஞ்சாவூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, வேறு சீட்டுக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது ஏட்டின் பெட்டிங் பழைய இடத்தில் விரிந்திருந்தது. கூடவே தண்ணீர்ப் பானையும் விசிறியும் புதிதாக முளைத்திருந்தன. மேடான கிழக்குப் பக்கத்தில் பெண்கள் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வேலை முடியறதுக்குள்ள என்ன அவசரம்? வண்டி திரும்ப வேணாமா?” என்று கத்தினாள் தங்கமணி.

“அது அந்தப் பக்கமா திரும்பிக்கிடட்டும் தங்கம்” என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மாள், கீற்று முடைந்த கையை நிறுத்தாமல்.

தங்கமணி நாசில்களை மாட்ட இன்ஜினுக்குள் தலையை விட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் உறுமும் சத்தம் கேட்டது. செல்லதுரையின் ஆட்கள் உழவுக்கு இறங்கப் பார்த்தார்கள்.

“ஏட்டய்யா, அந்த டிராக்டர நிறுத்தச் சொல்லுங்க! என் இன்ஜின் சத்தமே கேக்க மாட்டேங்குது” என்றாள் உள்ளேயிருந்தே.

ஏட்டு லத்தியோடு எழுந்தார். “எவன்டா அது? சர்க்கார் சொத்து நிக்கிற எடத்துல ஏரக் கொண்டாந்து உரசுறது? ஒரு கீறல் விழுந்துச்சு, எல்லாரையும் ஏத்திருவேன்!”

டிராக்டர் பின்னுக்குப் போனது. தங்கமணி நன்றிகூடச் சொல்லவில்லை. அவளுக்கு நாசில் முக்கியம்.

இந்தத் தடவை டேங்க் மூடிக்கும் பூட்டுப் போட்டாள். சாவி இரண்டானது. வண்டி ஓடி, தெற்குப் பக்கமும் மேடானது. ஏட்டு பெட்டிங்கைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போனார். போனவர் திரும்பி வரவேண்டியதாயிற்று, ஏனென்றால் வண்டி இப்போது கிளம்பவே இல்லை.

டீசல் வருகிறது. பேட்டரி இருக்கிறது. இருந்தும் மூச்சு முட்டிய ஆள்போல முக்குகிறது. தங்கமணி இன்ஜின் ஹெட்டைக் கழற்றினாள். லைனரை அளந்தாள், ரிங்கை அளந்தாள், மறுபடியும் அளந்தாள். தான் குத்திய ‘த’வைத் தானே சந்தேகப்பட்டாள். ஒரு நாள் முழுக்க வெயிலில் வெந்து, முழங்கைவரை எண்ணெயாகி, எல்லாவற்றையும் பூட்டியபின் எதேச்சையாக சைலன்சர் குழாய்க்குள் கையை விட்டாள். கை நிறைய ஈர வைக்கோல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு மாட்டுக்கு ஒரு வேளைத் தீனி.

“மைனா கூடு கட்டியிருக்கும்” என்றாள் நாகம்மாள்.

“முட்டையக் காணுமே அத்தே?”

“இனிமேதான் போடும்.”

தங்கமணியின் கோபம் உச்சிக்கு ஏறியது. நேராகக் காயாரோகணத்திடம் போனாள்.

“உண்மையச் சொல்லுங்கண்ணே. பண்ணைக்காரர் உங்களுக்கு என்ன குடுத்தாரு?”

“எனக்கா?” அவர் துண்டை உதறி எழுந்தார். “நாகப்பட்டினத்துல என் பொண்டாட்டி, நான் வேற குடும்பம் வச்சிருக்கேன்னு பஞ்சாயத்தக் கூட்டிட்டா. இந்த வேலை முடிஞ்சாத்தான் நான் வீட்டு வாசப்படி மிதிக்க முடியும். நான் போய் வைக்கோல் அடைப்பேனா? நானே நித்தம் சாமி கும்பிடுறேன், இந்தச் சனியன் ஓடணும்னு!”

“அப்ப யாரு அடைச்சது?”

“போலீஸக் கேளுங்க. காவலுக்கு இருக்கிறது அவங்கதானே?”

ஏட்டு விழித்தார். “மத்தியானம் சாப்டுட்டு லேசாக் கண்ணு அசந்துது. அந்தக் கொழம்பு அப்படி.”

வைக்கோலை எடுத்த பிறகும் இன்ஜின் சரியாக ஓடவில்லை. தங்கமணி அன்றைக்கே தஞ்சாவூர் போனாள். “நீங்களே வாங்க. ஒரு வண்டிக்கு வேண்டிய அத்தனை சாமானையும் எடுத்துக்கிட்டு வாங்க. இல்லன்னா உங்க கட்சிக் கொடிய அந்த புல்டோசர் மேலேயே நட்டு, ‘நின்றுபோன ஆட்சி’ன்னு எழுதி வச்சிருவேன்” என்றாள்.

அரசப்பன் அம்பாசிடர் காரின் டிக்கி தரையைத் தொடும் அளவுக்கு இரும்பை ஏற்றிக்கொண்டு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக் கொடியும் கரையுமாக இறங்கியவர், சாயங்காலம் பார்க்கையில் எந்தக் கட்சி என்று தெரியாதபடி கருப்பாகியிருந்தார். முதலாளியும் தங்கமணியும் காயாரோகணமும் சேர்ந்து, வண்டியைப் பிரித்துப் பூட்டினார்கள். விடிந்ததும் காயாரோகணம் கிளப்பினார்.

அடடா, அது என்ன சத்தம்! கோயில் தவில்கூட அப்படி முழங்கியதில்லை. மீதிப் பள்ளத்தின் மேல் புல்டோசர் போய்ப் போய் வந்தது. மண் புரண்டது, படிந்தது. சூரியன் தலைக்கு மேல் வருவதற்குள் கடைசி மூலையும் மேடானது. பிள்ளைகள் பின்னால் ஓடின. ரெங்கம்மாள் தன் மனையில் நின்று காலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். நிலம் அமிழவில்லை. தங்கமணி இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

“பாத்தியா? நம்ம சாமான் நின்னு பேசுது!” என்றார் அரசப்பன்.

“லாரி ரோட்டுல வந்து நிக்கிது. வண்டிய ஏத்திட்டு நான் நாகப்பட்டினம் போறேன்” என்று காயாரோகணம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“போறது போறீங்க, ஒரு வாய் சாப்டுட்டுப் போங்க” என்று நாகம்மாள் வழிமறித்தாள். “மனையில மொத சாப்பாடு. வேணாம்னு சொல்லக் கூடாது.”

சொல்லவில்லை. வாழையிலை போட்டு, விரால் மீன் குழம்பும் வறுவலுமாகப் பெண்கள் பரிமாறினார்கள். அரசப்பன் மூன்றாம் முறை சோறு வாங்கினார். ஏட்டு சுருட்டிய பெட்டிங்கின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, அதன் மேலேயே சாய்ந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செல்லதுரையின் டிராக்டரும் அதன் நிழலில் நாற்றுக் கட்டுகளும் காத்திருந்தன. வாய்க்காலில் முதல் தண்ணீர் நுரையோடு வந்துகொண்டிருந்தது.

காயாரோகணம் ஏறி உட்கார்ந்து கிளப்பினார்.

க்ர்ர்ர். க்ர்.

மறுபடி கிளப்பினார். ஒன்றுமில்லை.

தங்கமணி பாய்ந்துபோய் பானெட்டைத் தூக்கினாள். கோணல் போல்ட் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. டேங்க் பூட்டும் இருந்தது. நடுவில் இருந்த டீசல் குழாயைத்தான் காணோம். யாரோ அரிவாளால் இரண்டு பக்கமும் அறுத்து எடுத்திருந்தார்கள்.

“ஐயோ, என் பொண்டாட்டி!” என்று காயாரோகணம் லீவர் மேல் தலையை வைத்தார்.

அரசப்பன் ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தினார். ஏட்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், நிலைமையைப் புரிந்துகொண்டார், பெட்டிங்கை மறுபடி விரித்து நிம்மதியாகப் படுத்துவிட்டார். அந்தப் பக்கம் டிராக்டர்க்காரன் அலுத்துப்போய் இன்ஜினை அணைத்தான்.

“எவடி... எவன்டா அது!” தங்கமணி ஸ்பானரை ஓங்கினாள். “இங்க ஒரு துரோகி இருக்கான்! பண்ணைக்குச் சோரம் போனவன்! இன்னிக்கு அவன் கையை ஒடைக்காம நான் தஞ்சாவூருக்கு...”

நாகம்மாள் அவள் வாயைப் பொத்தி, பாதி எழும்பிய வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். மூலையில் அடுக்கியிருந்த கீற்றைத் தூக்கிக் காட்டினாள். அடியில் டீசல் சொட்டச் சொட்டக் குழாய் கிடந்தது.

“கத்தாதடி, ஏட்டு முழிச்சுக்கப் போறாரு. நம்ம உசுருக்குக் காவல் வேணும்னு எத்தனை மனு குடுத்தோம், ஒருத்தன் எட்டிப் பாத்தானா? இரும்புக்குன்னதும் லத்தியோட வந்து படுத்துக் கெடக்கான்! கடைசி வீட்டுக்குக் கூரை ஏறுற வரைக்கும், உனக்குக் கோடிப் புண்ணியமாப் போவும், அந்த வண்டிய மட்டும் ரிப்பேர் பண்ணாம இரு.”