மாமியார் போனும் லிஃப்ட் வளைவும்

"அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். என்னன்னு நான் சொல்லக்கூடாதாம், அவங்களே கேப்பாங்களாம்."

"தாராளமா கேக்கட்டும். மதியம் ஆபீஸுக்குப் பேசச் சொல்லு."

மனைவியிடம் இப்படிச் சொன்ன அன்றே மேனேஜர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். தனியாக இருக்கும் மாமியார் மருமகனிடம் வேறென்ன கேட்பார்? உங்களோடேயே வந்து இருந்துவிடட்டுமா என்றுதான். வீட்டிலோ இரண்டே அறை. முடியாது என்றால் மனைவியின் முகம் திரும்பிக்கொள்ளும்; சரி என்றால் அவர் தூக்கம் தொலையும். கேள்வியே வராவிட்டால் பதிலும் வேண்டியதில்லையே.

அதற்கென்றே வாய்த்தது லிஃப்ட் பக்கத்து வராந்தா வளைவு. அலுவலகத்துக்குள் போன் ஓடுவதே வைஃபை தயவில். நடக்கும்போது போன் ஒரு வைஃபை பெட்டியின் கையை விட்டு அடுத்த பெட்டியின் கையைப் பிடிப்பதற்குள், அந்த வளைவில் எந்தப் பேச்சும் அறுந்துவிடும். மாமியார், "மாப்பிள்ளை, அது வந்து..." என்று இழுக்கும்போதே மேனேஜர் வளைவை நோக்கி நடையைக் கட்டிவிடுவார்.

யார் கண் பட்டதோ, வேலையே கதியென்று கிடக்கும் தனிக்கட்டை டைரக்டர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். ஆபீஸில் எங்கே நடந்தாலும் பேச்சு அறக்கூடாது, நெட்வொர்க் இன்ஜினியர் வருகிறார், கூட இருந்து செய்துமுடியுங்கள் என்றார். பாலுக்குப் பூனை காவல்.

வளைவில் புதுப் பெட்டி வைத்தால் அழகு கெடும் என்று மேனேஜர் அடித்துச் சொன்னார். சரியென்று இன்ஜினியர், இருக்கிற பெட்டிகளின் சிக்னல் வலுவைக் கூட்டினார். போன்கள் எல்லாம் தூரத்துப் பழைய பெட்டியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்ள, ஆபீஸ் முழுக்கப் பேச்சு திக்கியது. வளைவில் மட்டும் அறவில்லை.

பதறிப்போன மேனேஜர், இடம் அடைசல் என்று சாக்குச் சொல்லி, ஓர் இரும்பு பீரோவை வளைவுக்கு எட்டும் ஒரு பெட்டியின் முன்னால் நகர்த்தி வைத்தார். கணக்குப் பிரிவு மொத்தமும் சிக்னல் இழந்து, லேப்டாப்போடு வந்து அவர் அறையில் குடியேறியது.

இன்ஜினியர் பீரோவைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், பீரோவைப் பழைய இடத்துக்கே தள்ளினார். வளைவிலேயே புதுப் பெட்டியை மாட்டி, அடுத்த கை பிடித்த பிறகே முதல் கை விடும்படி எல்லாவற்றையும் பழக்கிவிட்டார்.

மதியம் போன் வந்தது. மேனேஜர் பழைய தைரியத்திலேயே வளைவை நோக்கி நடந்தார்.

"மாப்பிள்ளை, அது வந்து..."

வளைவு போனது. குரல் போகவில்லை. "அடுத்த பெட்டிக்குத் தாவிடுச்சு சார்," என்றார் பின்னால் வந்த இன்ஜினியர், பெருமையாக. ஸ்டோர் ரூம், மாடிப்படி, கழிவறை வாசல் வரை மாமியார் கணீரென்று கூடவே வந்தார். வராந்தாவின் கடைசியில் டைரக்டர் வழியை அடைத்துக்கொண்டு, தரையையே பார்த்தபடி நின்றிருந்தார். இனி நடக்க இடமில்லை.

"கேளுங்க அத்தை," என்றார் மேனேஜர், கையைத் தூக்கிவிட்டவர் குரலில்.

"உங்க ஆபீஸ் ஆண்டு விழாவுல என் பக்கத்து நாற்காலியில உக்காந்தாரே உங்க டைரக்டர், அவருக்கும் எனக்கும் கல்யாணம் மாப்பிள்ளை, நீங்கதான் முன்னே நின்னு நடத்திக் குடுக்கணும், அவருக்கு உங்ககிட்டக் கேக்க ஒரே வெக்கம், லைனையாவது அறாம பண்ணித் தர்றேன்னார்."