ஆளைக் கூப்பிடாதவரின் கண்ணாடித் தடுப்பு

குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் ஆளைக் கூப்பிடாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. "இதுக்குப் போய் ஆளா?" என்பதுதான் இவர்களுடைய தாய்மொழி. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இவர்களால் வீடு இடிந்து விழுவதில்லை. முடியாமலே நிற்கும், அவ்வளவுதான்.

கனடாவில் ஒகனாகன் ஏரிக்கு மேலே, மேட்டில் குடியிருக்கும் டுவைட் இந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி லொரேனுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. வீட்டின் பின்புறம் உயரத்தில் நீட்டிக் கட்டிய மரத் தளத்தில், அதாவது டெக்கில், நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே ஏரியைப் பார்க்க வேண்டும். நின்றால் ஏரி தெரியும். உட்கார்ந்தால் அதன் ஓரத்துப் பழைய மரத் தடுப்பின் பலகை சரியாகக் கண்ணுக்கு நேரே வந்து மறைக்கும். மூட்டுவலிக்காரி எவ்வளவு நேரம்தான் நிற்பது? அலுமினியத் தூண்களும் நடுவே கண்ணாடியுமாக ஒரு தடுப்பு போட்டால் தீர்ந்தது.

"ஆளைக் கூப்பிட்டா ஒரே நாள்ல முடிச்சுடுவாங்க, டுவைட்."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

அதைத்தான் லொரேனும் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

மே மாதம் பழைய தடுப்பு ஒரே மாலையில் காலி. இடிப்பதில் மட்டும் இந்த இனத்துக்கு அசாத்திய வேகம். பிறகு, தடுப்பில்லாத டெக்கிலிருந்து யாரும் விழுந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், டெக்குக்குப் போகும் கதவை டுவைட் திருகு போட்டு மூடினார். ஆக, நின்று பார்த்த ஏரியும் போயிற்று.

கண்ணாடிக் கடைப் பெண் போனில் தெளிவாகத்தான் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் லொரேனும் கேட்டார். "முதல்ல தூணை நட்டுடுங்க. அப்புறம் இடைவெளியை அளந்து சொல்லுங்க. இது டஃபண்டு கண்ணாடி, சூட்டுல இறுக்கினது, வந்தப்புறம் ஒரு நூல்கூட வெட்ட முடியாது."

"சரி சரி" என்று வைத்தார் டுவைட். வைத்ததும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் படம் போட்டு, படத்தை அளந்து, அன்றைக்கே கண்ணாடிக்குச் சொல்லிவிட்டார். "அதெல்லாம் கணக்குத் தெரியாதவங்களுக்குச் சொல்றது" என்றார்.

சனிக்கிழமைதோறும் அக்கம்பக்கத்து ஆண்கள் பியரும் கையுமாக வந்து, கால் அகட்டி நின்று, டுவைட் தூண் நடுவதை வேடிக்கை பார்த்தார்கள். ரசமட்டத்தில் குமிழி ஓரத்தில் போய் ஒளிந்திருந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. யாராவது வாயைத் திறந்தார்களா? "பிரமாதமா வருதுப்பா" என்றார் பக்கத்து வீட்டு கோர்ட். அவர் வீட்டுக் குளியலறை மூன்று வருஷமாகப் பாதியில் நிற்கிறது. அவர் எப்படிச் சொல்வார்?

ஆகஸ்டு கடைசியில் கண்ணாடிகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை கூடுதல். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? டுவைட் கடைக்குப் போய், கல் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தார்.

"வெட்டக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் லொரேன்.

"யார் வெட்டறா? லேசா ஓரத்தைச் சீவறேன்."

ஒரு சத்தம். அடுத்த கணம் டெக் முழுக்கக் கல்கண்டு கொட்டினாற்போல் கண்ணாடி. "மட்டமான சரக்கு" என்றார் டுவைட். மட்டமான சரக்குதான் என்று உறுதி செய்துகொள்ள இரண்டாவது கண்ணாடியையும் சீவினார்.

 அன்றே லொரேன் புருஷனுடைய டிரில்லை எடுத்துக் கதவுத் திருகுகளைக் கழற்றினார். பின்னல் வேலைக் கூடையிலிருந்த டேப்போடு டெக்குக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து, தூணுக்குத் தூண் இடைவெளியை அளந்து, கடைக்குத் தானே போன் பண்ணினார்.  ஒரு கோடைக்காலம் முழுசாகப் போய்விட்டதே.

"கேட்டிருந்தா அளவை நானே சொல்லியிருப்பேனே" என்றார் டுவைட்.

அக்டோபரில், நன்றி நாள் பண்டிகைக்கு முன்தினம் புதுக் கண்ணாடிகள் வந்து கச்சிதமாக உட்கார்ந்தன. மறுநாள் வான்கோழி விருந்துக்குச் சாஸ்கடூனிலிருந்து லொரேனின் தங்கை குடும்பம் வந்தது. கோர்ட்டும் வந்தார். சாப்பாடு முடிந்ததும் லொரேன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காபியோடு டெக்கில் உட்கார்ந்தார். எதிரே ஏரி. உட்கார்ந்த இடத்திலிருந்தே முழு ஏரியும் தெரிந்தது. 

முதல் வாய் காபி உள்ளே இறங்குவதற்குள் டுவைட் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து, நடுக்கண்ணாடிக்கு முன்னால் கால் அகட்டி நின்றார்.

"முதல்ல தூணை நடணும். அப்புறம்தான் அளவு. இதுலதான் நிறையப் பேர் கோட்டை விடறாங்க."

"டுவைட், கொஞ்சம் நகரு. ஏரி மறைக்குது."

"இரு லொரேன், இவங்களுக்கு விளக்கிட்டிருக்கேன்ல."

விளக்கினார். இருட்டும்வரை விளக்கினார்.

நன்றாகச் சிரித்திருப்பீர்கள். இருக்கட்டும். அந்த ஓரத்தைச் சீவுகிற இடம் வந்தபோது, மெஷினை மெதுவாக விட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சீவியிருந்தால் உடைந்திருக்காது என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் நின்ற இடத்திலிருந்து தயவுசெய்து கொஞ்சம் நகருங்கள். உங்களுக்குப் பின்னால் யாரோ காபியோடு உட்கார்ந்திருக்கிறார்.